பழைய கட்டடம், அலுவலகம், வகுப்பறை: மூன்றையும் ஒன்றாக நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டடக்கலை அலுவலகம் நடத்திக்கொண்டே பாடமும் எடுப்பவர்கள் பலர். பெரும்பாலும் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாகவே ஓடும். காலையில் வகுப்பில் பேசுவது ஒன்று, மாலையில் அலுவலகத்தில் வரைவது வேறொன்று. பழைய கட்டடங்களை அவற்றின் குணம் கெடாமல் புதிய பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினால் இந்த இடைவெளி தானாகவே சுருங்கும். ஒரு பழைய கட்டடத்தைப் புரிந்துகொள்ள நிறைய நேரம் வேண்டும், அந்த நேரத்துக்கு எந்த கிளையண்டும் மனமுவந்து பணம் தருவதில்லை. வகுப்பில் நேரம் இருக்கிறது, ஆனால் தொட்டுப் பார்க்க, தட்டிப் பார்க்க ஒரு நிஜக் கட்டடம் இருப்பதில்லை. ஒன்றில் குறைவது இன்னொன்றில் இருக்கிறது.

இப்படி வேலை செய்தவர்களுக்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. கார்லோ ஸ்கார்பா வெனிஸ் கட்டடக்கலைக் கல்லூரியில் பல பத்தாண்டுகள் கற்பித்தபடியே வெரோனாவின் காஸ்டெல்வெக்கியோ கோட்டையில் ஏற்கெனவே இருந்த அருங்காட்சியகத்தைப் புதிதாக வடிவமைத்தார். நார்வேயின் ஸ்வெர்ரே ஃபேன் ஆஸ்லோவில் பேராசிரியராக இருந்தார். ஹாமார் நகரில் இடைக்கால இடிபாடுகளின் மேல் நின்ற ஒரு களஞ்சியத்தை அருங்காட்சியகமாக்கினார். இன்று பார்சிலோனாவில் ரிகார்தோ ஃப்ளோரெஸ், எவா பிராட்ஸ் இருவரும் அலுவலகமும் ஆசிரியப் பணியுமாக இருக்கிறார்கள். இவர்கள் வேலையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: மூன்றையும் கட்டிப்போட்டிருக்கும் முடிச்சு வரைபடம்தான், அதுவும் இருப்பதை அப்படியே அளந்து வரையும் வரைபடம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் அளவெடுக்கும் படிக்கு மற்றவற்றைவிட இடம் அதிகம்.

1. நேரத்தைப் பிரிப்பது

முழுநேரப் பேராசிரியர் வேலையோடு தொடங்காதீர்கள். முதலில், மாணவர் வேலைகளை மதிப்பிடும் ஜூரிக்கு யாராவது அழைத்தால் போங்கள். அப்புறம் ஒரே ஒரு ஸ்டுடியோவை, அதாவது வடிவமைப்பு வகுப்பை, வருகை ஆசிரியராக எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு என்று உறுதியாக ஒதுக்கி, அந்த இரண்டு நாளும் தளத்தில் கான்கிரீட் போடவோ கிளையண்டைச் சந்திக்கவோ கூடாது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் முடிவெடுக்க அலுவலகத்தில் வேறொருவர் இருக்க வேண்டும். தனியாள் அலுவலகம் என்றால், ஒரு கட்டுமானம் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் வகுப்பு எடுக்காமல் இருப்பதே நல்லது. அரை மனதோடு நிற்கும் ஆசிரியரை மாணவர்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, கல்விப் பருவத்தின் நாட்காட்டியும் கட்டடத்தின் நாட்காட்டியும் ஒருபோதும் ஒத்துப்போகாது. ஒரு பருவம் 14, 16 வாரங்களில் முடிந்துவிடும். ஒரு மறுபயன்பாட்டு வேலை ஐந்து ஆண்டுகளும் இழுக்கும், பதினைந்தும் இழுக்கும். அதனால் ஒரு முழு வேலையையும் வகுப்புக்குள் கொண்டுவரப் பார்க்க வேண்டாம். வேலையின் ஏதாவது ஒரு கட்டத்தை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

2. வகுப்புக்கான கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் அலுவலகத்தில் நடந்துகொண்டிருக்கும் வேலையையே வகுப்புப் பயிற்சியாகக் கொடுக்க ஆசை வரும். முதல் முறை அதைத் தவிர்த்துவிடுங்கள். அதே காலத்தைச் சேர்ந்த, அதே கட்டுமான முறையில் கட்டிய வேறொரு கட்டடத்தைக் கொடுங்கள். உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு தீர்வு ஓடிக்கொண்டிருந்தால், மாணவர் வரைந்ததைத் திறந்த மனதோடு பார்க்க முடியாது. மேலும், உங்கள் கிளையண்டுக்காக மாணவர்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள் என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. அது வெறும் பேச்சு இல்லை, பல இடங்களில் நிஜமாகவே நடப்பதுதான்.

என்றாவது நடப்பு வேலையைக் கொண்டுவந்துதான் ஆகவேண்டும் என்றால், மூன்று விஷயங்களைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வையுங்கள். மாணவர் வரைந்தவை மாணவருக்கே சொந்தம். அவர் சம்மதமும் பெயரும் இல்லாமல் எதுவும் கிளையண்டிடம் போகாது. அலுவலகம் ஒரு அளவுப் படத்தையோ யோசனையையோ பயன்படுத்தினால் அதற்குப் பணம் கொடுக்கும். கல்லூரி நிர்வாகத்துக்கும் இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல பயிற்சிக் கட்டடம் சிறியதாக, ஒரு வகுப்பு இரண்டு மூன்று வாரத்தில் முழுவதும் அளந்துவிடக்கூடியதாக இருக்கும். குறைந்தது இரண்டு மூன்று காலகட்டங்களில் மாற்றிக் கட்டப்பட்டிருக்கும். புகழ்பெற்றதாக இருக்காது. புகழ்பெற்ற கட்டடத்தைப் பற்றி எல்லாம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, மாணவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே படித்துவிடுவார். பட்டறை, கிடங்கு, மூடிய பள்ளி, சிறு தொழிற்சாலை போன்றவை நன்றாக அமையும். சரி, பாதுகாப்பு? உளுத்த தளம், தொங்கும் கூரை, உடைந்த கல்நார் தகடு, பழைய ஈய வண்ணப்பூச்சு ஆகியவற்றை நீங்கள் முதலில் தனியாகப் போய்ப் பார்த்து, எந்த அறைக்குள் போகலாம், எதற்குள் கூடாது என்று பிளானில் குறித்துவிட்டுத்தான் மாணவர்களை அழைத்துப் போக வேண்டும்.

3. கையால் அளந்து வரைவது

பருவத்தின் மூன்றில் ஒரு பங்கை இதற்கே கொடுங்கள் என்பேன். "டிசைன் எப்போ?" என்று இரண்டாவது வாரத்தில் கேட்பார்கள். இதுவும் டிசைன்தான் என்று அப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். பரவாயில்லை.

லேசர் ஸ்கேனர் இருக்கும்போது டேப்பைப் பிடித்துக்கொண்டு எதற்கு நிற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அலுவலகத்தில் நானும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறேன். வளைந்த கூரை, எட்டாத உயரம், சரிந்த சுவர் எல்லாவற்றுக்கும் அது அருமையான கருவி. ஆனால் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு பதிவு செய்யும். சுவரும் சுவரில் சாய்த்து வைத்த பலகையும் அதற்கு ஒன்றுதான். கையால் வரைபவரோ ஒவ்வொரு கோட்டையும் போடுமுன் இது என்ன, இது எதன் விளிம்பு என்று முடிவு செய்தே தீரவேண்டும். கற்பது அந்த முடிவில்தான் நடக்கிறது.

முறை இது. ஒரு அறைக்கு இரண்டு பேர். முதலில் டேப்பையே எடுக்காமல், அறையின் பிளானைக் கண்ணளவில் ஒரு முழுத் தாளில் பெரிதாக வரையச் சொல்லுங்கள். அதன் மேல்தான் அளவுகள் வரும். சுவர் நீளத்தைத் துண்டு துண்டாக அளந்து கூட்டக் கூடாது. டேப்பின் பூஜ்யத்தை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, வாசல் விளிம்பு, ஜன்னல் விளிம்பு, தூண் என்று ஒரே ஓட்டமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். துண்டாக அளந்தால் ஒவ்வொரு துண்டின் சிறு பிழையும் கூடிக்கொண்டே போகும், ஓட்டமாகப் படித்தால் கூடாது. நான்கு சுவரையும் அளந்துவிட்டால் அறையின் வடிவம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளும் வேண்டும். பழைய கட்டடத்தில் அந்த இரண்டும் அநேகமாகச் சமமாக இருக்காது. உயரங்களுக்கு, ட்யூப் லெவல் (நீர் நிரப்பிய குழாய்) வைத்துக் கட்டடம் முழுக்க ஒரே மட்டக்கோடு எடுத்து, தளம், ஜன்னல் அடி, உத்தரம், கூரை எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்து மேலும் கீழும் அளக்க வேண்டும். தளத்திலிருந்து அளந்தால் தளமே சாய்ந்திருக்கும். சுவரின் சாய்வுக்குத் தூக்குக்குண்டு.

இதெல்லாம் நுட்பம். அதற்கு மேல் நடப்பது என்ன என்பதற்கு ஒரே ஒரு வாசலை எடுத்துக்கொள்வோம். மாணவர் நிலையின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்கிறார். மேலே கீழேயைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. ஒரு பக்கத்துக் கால் உள்ளே சாய்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்துச் சுவரில்தான் விரிசலும் ஏறுகிறது. கீல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வண்ணத்துக்கு அடியில் மூன்று செவ்வகப் பள்ளங்கள் மங்கலாகத் தெரிகின்றன. பழைய கீல்களின் இடம் அது. ஆகவே கதவு ஒரு காலத்தில் அந்தப் பக்கமாகத் திறந்திருக்கிறது. படிக்கல்லின் தேய்மானம் நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. வலப்பக்கம் ஏதோ ஒன்று நெடுநாள் நின்று வழியை அடைத்திருக்க வேண்டும். ஒரு வாசல், கால் மணி நேரம், மூன்று தடயங்கள். இந்த வாசலை 1:10 அளவில், அதாவது நிஜத்தில் பத்தில் ஒரு பங்காக, வரைந்து முடித்தவர், அதை இடித்துவிடலாம் என்று எளிதில் சொல்ல மாட்டார். சொன்னாலும் எதை இழக்கிறோம் என்று தெரிந்து சொல்வார். எனக்கு அது போதும்.

சுவர் தடிமனைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளியளவிலிருந்து உள்ளளவுகளைக் கழித்துப் பார்க்கும்போது, விளக்கமில்லாமல் அரை மீட்டர் மிஞ்சினால் அங்கே அடைத்த புகைபோக்கியோ, மூடிய படிக்கட்டோ, பின்னால் சேர்த்த இன்னொரு சுவரோ இருக்கும். கட்டடத்தின் மிகப் பெரிய செய்திகள் பல இப்படிக் கழித்தல் கணக்கில் கிடைத்தவை.

பிளான், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் 1:50 போதும். அதற்குப் பிறகு பட்டியல் எடுக்க வேண்டும். கதவு, ஜன்னல், தரை ஓடு, கைப்பிடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு படம், ஒரு அளவு, நிலைமை பற்றி ஒரு வரி. ஃப்ளோரெஸ், பிராட்ஸ் பார்சிலோனாவின் பொப்லெனோ பகுதியில் ஒரு பழைய தொழிலாளர் கூட்டுறவுக் கட்டடத்தை சாலா பெக்கெட் என்ற நாடக மையமாக மாற்றியபோது இதைத்தான் செய்தார்கள். அங்கிருந்த கதவு, ஜன்னல், தரை ஓடுகளைக் கையால் வரைந்து கணக்கெடுத்தார்கள். பிறகு அந்தப் பட்டியலிலிருந்தே புதிய திட்டத்துக்கான பொருட்களை எடுத்தார்கள். பல கதவுகள் பழைய இடத்திலிருந்து பெயர்ந்து வேறு சுவரில் போய் உட்கார்ந்தன. 2016-ல் திறந்த அந்தக் கட்டடத்தில் எது முன்பே இருந்தது, எது வந்து சேர்ந்தது என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. பட்டியல் இல்லாமல் இப்படி விளையாட முடிந்திருக்காது.

4. காலத்தைப் பிரித்துப் படிப்பது

அளவுப் படம் முடிந்ததும் அதன் நகல் ஒன்றில் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். எது முதலில் கட்டியது, எது சேர்த்தது, எது அடைத்தது. செங்கல் அளவு மாறும் இடம், கொத்து பிணையாமல் நேர்க்கோடாகப் பிரியும் இடம், பூச்சின் வகை மாறும் இடம் எல்லாம் எல்லைகள். இவற்றோடு பழைய புகைப்படம், பத்திரம், நகராட்சி வரைபடம், அங்கே வேலை பார்த்தவர்களின் பேச்சு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். உறுதியாகத் தெரியாத சுவருக்கு நிறம் கொடுக்காமல் வெள்ளையாக விடச் சொல்லுங்கள். நல்ல மாணவர்கள் வெள்ளையை அதிகம் விடுவார்கள்.

இந்த இடத்தில், பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சாசனங்களை அறிமுகப்படுத்தலாம். அதற்கு முன்னால் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவார்கள். 1964-ன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 1979-ல் உருவான பர்ரா சாசனம், தேவையான அளவுக்கு மாற்று, முடிந்தவரை குறைவாக மாற்று என்கிறது. கட்டடத்தின் முக்கியத்துவம் எதில் இருக்கிறது என்று எழுதிய பிறகே முடிவுக்குப் போக வேண்டும் என்ற ஒழுங்கும் அதில் உண்டு. 1994-ன் நாரா ஆவணம், அசல் என்பது பொருளில் மட்டும் இல்லை, வடிவம், பயன்பாடு, கைத்திறன் மரபு ஆகியவற்றிலும் இருக்கலாம் என்று வாசலை அகலத் திறந்தது. மூன்றும் ஒன்றோடொன்று கொஞ்சம் முட்டும். அந்த முட்டலை மறைக்காமல் வகுப்பில் வாதத்துக்கு விடுங்கள். கடைசியில் ஒவ்வொரு குழுவும் ஒரே பக்கத்தில், இந்தக் கட்டடத்தில் எதை இழந்தால் கட்டடமே போய்விடும் என்று எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் அனுமதிக்காதீர்கள்.

5. கட்டடத்தின் உடல்நிலை

முதலில் தண்ணீரைத் தேடுங்கள். பழைய கட்டடங்களின் நோய்களில் பெரும்பாலானவை அடைத்த மழைநீர்க் குழாயிலும், உடைந்த ஓட்டிலும், சுவரடியில் உயர்ந்துபோன மண்ணிலும் தொடங்குகின்றன. மழை பெய்யும்போது மாணவர்களை அழைத்துப் போய்த் தண்ணீர் எங்கே விழுந்து எப்படி ஓடுகிறது என்று வரையச் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்தது.

அடுத்தது சிமென்ட். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு யாரோ நல்ல எண்ணத்தில் சிமென்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்பு மென்மையானது, நீராவியை வெளியே விடும். சிமென்ட் கடினமானது, அவ்வளவு எளிதில் விடாது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலேறும், அல்லது சாந்தை விட்டுவிட்டுச் செங்கல் வழியாக வெளியே வரும். கூடவே உப்பும் வந்து செங்கல்லின் முகத்தை உதிர்க்கும். ஓதம் அடிக்கிறது என்று மேலும் சிமென்ட் பூசினால் ஓதம் இன்னொரு அடி ஏறும். இதை வகுப்பில் சொல்வதைவிட, பூச்சு உப்பி நிற்கும் இடத்தை விரல் முட்டியால் தட்டச் சொல்லுங்கள். பொள்ளலான ஓசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டால், ஈரத்தின் வரைபடமே சுவரில் வந்துவிடும்.

விரிசலைக் கண்டதும் பதற வேண்டாம், பூசி மறைக்கவும் வேண்டாம். குறுக்கே, விரிசல் விரிவதைக் காட்டும் அளவுச் சில்லு ஒட்டித் தேதியோடு குறித்து வாருங்கள். பருவ மாற்றத்தில் திறந்து மூடும் விரிசலையும், அஸ்திவாரம் இறங்குவதால் விரிந்துகொண்டே போகும் விரிசலையும் பிரித்தறியக் குறைந்தது ஒரு முழு ஆண்டு வேண்டும். இங்கேதான் கல்லூரித் தொடர்பு பலன் தரும். ஒரு வகுப்பு ஒட்டிய சில்லை அடுத்த வகுப்பு படிக்கும். மரத்தை, சுவருக்குள் நுழையும் முனையில் சோதியுங்கள், உளுப்பது அங்கேதான். கான்கிரீட் என்றால், புதிதாக உடைத்த இடத்தில் காரத்தை நிறத்தால் காட்டும் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்க்கலாம். இளஞ்சிவப்பாக மாறினால் காரத்தன்மை இருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால், கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் கவசம் போய்விட்டது என்று பொருள். இதற்கு மேல் உள்ள சோதனைகளைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள். மாணவர் கவனித்துக் குறிக்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது.

6. பயன்பாட்டைக் கட்டடத்துக்குப் பொருத்துவது

வழக்கமான ஸ்டுடியோவில் முதலில் அறைப்பட்டியல் வரும், அப்புறம் வடிவம். இங்கே அதைத் திருப்பிப் போட வேண்டும். கட்டடம் எதைத் தாங்கும், எதற்கு வெளிச்சம் தரும், எங்கிருந்து எத்தனை பேர் தீவிபத்தில் தப்பிக்கலாம் என்று முதலில் தெரிய வேண்டும். வீட்டுக்கான தளத்தைச் சதுர மீட்டருக்கு 1.5 முதல் 2 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் சுமார் 100 கிலோ எடை) பாரத்துக்குத்தான் பொதுவாகக் கணக்கிடுவார்கள். நூலகத்தின் புத்தக அடுக்குகளுக்கு அது 7-ஐத் தாண்டும். பழைய குடியிருப்பை நூலகமாக்கும் திட்டத்தை மாணவர் ஆசையாகக் கொண்டுவரும்போது இந்த ஒரு கணக்கைப் போடச் சொன்னால் போதும். பழைய கிடங்கோ, பெரும்பாலும் தாராளமாகத் தாங்கும்.

பொருந்தாததை உள்ளே திணிக்காமல் பக்கத்தில் கட்டுவதும் மறுபயன்பாடுதான். பிரேசிலின் சாவோ பாலோவில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலையைப் பண்பாட்டு, விளையாட்டு மையமாக்கும் பணி 1977-ல் ஆர்க்கிடெக்ட் லினா போ பார்டியிடம் வந்தது. அவர் தளத்துக்குப் போனபோது அக்கம்பக்கத்து மக்கள் அந்தக் காலிக் கொட்டகைகளை ஏற்கெனவே பொழுதுபோக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். கொட்டகைகளை வைத்துக்கொண்டார். அங்கே படிப்பகம், பட்டறைகள், அரங்கம். விளையாட்டுத் தளங்களுக்கு அந்தக் கொட்டகைகளில் இடமில்லை. மீதியிருந்த நிலத்தின் நடுவிலோ அடியில் ஓடை, மேலே கட்ட முடியாது. ஆகவே ஓடையின் இருபுறமும் உயரமான கான்கிரீட் கோபுரங்கள், வானில் இணைக்கும் பாலங்கள். கொட்டகைகள் 1982-ல் திறந்தன, கோபுரங்கள் 1986-ல். கொட்டகைகளை இடிக்கவும் இல்லை, அவற்றின் மேல் எதையும் ஏற்றவும் இல்லை. அதனால்தான் அவை இன்னும் கொட்டகைகளாகவே இருக்கின்றன.

இன்னொரு பயிற்சியும் வைப்பேன்: ஒன்றும் செய்யாத திட்டம். 1996-ல் பிரான்சின் போர்தோ நகரின் லெயோன் ஓகோக் சதுக்கத்தை அழகுபடுத்தச் சொன்னபோது, ஆர்க்கிடெக்டுகள் ஆன் லகாதோனும் ஜான்-ஃபிலிப் வசாலும் அது அப்படியே அழகாகத்தான் இருக்கிறது என்று பார்த்து, சரளையைப் புதுப்பிப்பது, மரங்களைக் கவனிப்பது, அடிக்கடி கூட்டுவது என்று பராமரிப்பை மட்டும் பரிந்துரைத்தார்கள். ஒவ்வொரு மாணவரும் தன் கட்டடத்துக்கு இப்படி ஒரு திட்டத்தை எழுதி, பிறகு அதற்கு மேல் தான் செய்ய நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். பாதிப் பேரின் திட்டங்கள் இந்த ஒரு பயிற்சியிலேயே மெலிந்து நல்ல உருவத்துக்கு வந்துவிடும்.

7. பழையதும் புதியதும் தொடும் இடம்

மாணவர் வேலைகளில் இரண்டு சாய்வுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, பழைய சுவர்களுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியை இறக்கிவிட்டு உரையாடல் என்று பெயர் வைப்பது. மற்றது, பயத்தில் எதையும் தொடாமல் கட்டடத்தையே காட்சிப் பொருளாக்குவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். 1:50-ல் பேசுவதை நிறுத்திவிட்டு 1:5-க்கு இறங்க வேண்டும். புதிய தளம் பழைய சுவரை எங்கே தொடுகிறது, எப்படித் தொடுகிறது, தொடாமல் இருந்தால் இடைவெளியில் என்ன விழும், யார் துடைப்பார்கள்?

காஸ்டெல்வெக்கியோவில் ஸ்கார்பா புதிய தளத்தைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்தினார். அந்தக் கோடு போன்ற இடைவெளியில் சுவர் தனியாகவும் தளம் தனியாகவும் தெரியும். ஹாமாரில் ஃபேனின் கான்கிரீட் நடைபாதை இடிபாடுகளுக்கு மேலே மிதந்து செல்கிறது. உடைந்து கோணலான திறப்புகளை நேராக்காமல், அவற்றின் மேல் பெரிய கண்ணாடிப் பலகைகளைப் பொருத்தினார். பெர்லினில் போரில் சிதைந்து பல பத்தாண்டுகள் இடிபாடாகக் கிடந்த நொயெஸ் மியூசியம் வேறு வழி. ஆர்க்கிடெக்டுகள் டேவிட் சிப்பர்ஃபீல்டும் ஜூலியன் ஹாரப்பும் 2009-ல் முடித்த அந்த வேலையில், காணாமல் போன பகுதிகளைப் பழைய கையடிச் செங்கற்களைக் கொண்டு எழுப்பினார்கள். எரிந்துபோன பெரிய படிக்கட்டு, அதே இடத்தில், அதே பேருருவில், ஆனால் பளிங்குத் துகள் கலந்த வெண் சிமென்ட் கான்கிரீட்டில், பழைய அலங்காரங்கள் இல்லாமல் வந்தது. விலகி நிற்பதும் சரி, இழையோடிப் போவதும் சரி. எந்த இடத்தில் எது என்பதற்கு முன் சொன்ன ஒரு பக்க அறிக்கைதான் அளவுகோல்.

ஜூரிக்கு ஆர்க்கிடெக்டுகளை மட்டும் அழைக்காதீர்கள். ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் உட்கார்ந்தால் கேள்விகளின் தரமே மாறும். "இதை எந்தப் பக்கத்திலிருந்து நட்டு முடுக்குவீங்க?" என்ற கேள்விக்கு முன்னால் எத்தனையோ அழகான ரெண்டரிங்குகள் (கணினியில் செய்த தோற்றப் படங்கள்) வாயடைத்துப் போயிருக்கின்றன. மதிப்பெண்ணிலும் அளவுப் படத்துக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது முக்கியம் என்று நீங்கள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

8. வகுப்பிலிருந்து அலுவலகத்துக்கு

வகுப்பில் பிடிவாதமாகக் கேட்டதை அலுவலகத்தில் கைவிட்டால் அந்த இரட்டை வாழ்க்கை சீக்கிரம் தெரிந்துவிடும். ஆகவே கிளையண்டோடு போடும் ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும். அளவெடுப்பும் நோயறிதலும் தனி ஒப்பந்தம், தனிக் கட்டணம். அது முடியும்வரை வடிவமைப்புக்கோ செலவுக்கோ எந்த எண்ணும் சொல்லக் கூடாது. இதை ஏற்காத கிளையண்ட், பூச்சைத் திறந்ததும் வரும் முதல் ஆச்சரியத்திலேயே உங்களோடு சண்டைக்கு நிற்பார். எதிர்பாராச் செலவுக்கு 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கச் சொல்வது என் வழக்கம். புதுக் கட்டடத்துக்கு இவ்வளவு தேவைப்படாது. வேலை தொடங்கும் முன்பே ஐந்தாறு இடங்களில் பூச்சையும் தளத்தையும் திறந்து பார்க்க அனுமதி வாங்குங்கள். அங்கே கிடைப்பதைப் படமெடுத்து அடுத்த நாள் வகுப்பில் காட்டுங்கள், கிளையண்டின் அனுமதியோடு. மேலே நின்று பேசிக்கொண்டிருந்த பாடம் அன்று தரையில் கால் ஊன்றும்.

இடிப்புப் படத்தை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் தள்ளிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. என்னைக் கேட்டால் அதை அலுவலகத்தின் மூத்தவர்தான் வரைய வேண்டும். எந்தச் சுவர் போகிறது என்ற கோடு, எந்தச் சுவர் வருகிறது என்ற கோட்டைவிட விலை உயர்ந்தது, திருத்தவும் முடியாது. ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் இடிப்புப் படத்தில் எண்ணிட்ட பட்டியல் இணைந்திருக்கட்டும். எந்தக் கதவு கழற்றி எங்கே வைக்கப்படும், யார் பொறுப்பு என்று வரி வரியாக. தளத்தில் அந்த எண்களை சாக்பீஸால் அந்தந்தப் பொருளின் மேலேயே எழுதிவிடுங்கள், காகிதம் தொலைந்துபோகும்.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது ஒரு கோப்பும் போக வேண்டும். அதில் இறுதி அளவுப் படங்கள், மூடுவதற்கு முன் எடுத்த குழாய், கம்பிகளின் புகைப்படங்கள், பயன்படுத்திய சுண்ணாம்புச் சாந்தின் கலவை விகிதம், அகற்றியவற்றின் பட்டியலும் அவை இருக்கும் இடமும், மழைநீர்க் குழாய்களை ஆண்டில் எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்ற அட்டவணை எல்லாம் இருக்கட்டும். ஒரு நகலை, உரிமையாளர் சம்மதித்தால், கல்லூரி நூலகத்தில் வையுங்கள். ஒரு ஆண்டு கழித்து, முடிந்தால் ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு, அப்போதைய வகுப்பை அழைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போங்கள். படங்களையும் கட்டடத்தையும் ஒப்பிட்டு, எது கணித்தபடி நடக்கிறது, எங்கே மறுபடி ஓதம் ஏறியிருக்கிறது, எந்தக் கதவை யாரும் பயன்படுத்தாமல் அலமாரி வைத்து அடைத்துவிட்டார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புகளைத் தேதியோடு அதே கோப்பில் சேர்த்துவிடலாம்.